மேசை மேல் ஒரு போர்க்களம்

சதுரங்கம் ஒரு போர் விளையாட்டு என்று எல்லோருக்கும் தெரியும். ராஜா, மந்திரி, யானை, குதிரை, சிப்பாய் என்று பெயர்களே சொல்லிவிடும். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நிஜப் போரில் இருக்கும் எதுவும் சதுரங்கத்தில் இல்லை. சேறு இல்லை, மேடு இல்லை, ஆறு இல்லை. சிப்பாய் பயந்து ஓடுவதே இல்லை. தளபதி சொன்ன உத்தரவு வழியில் தொலைவதில்லை. குதிரை போய் சிப்பாயை வெட்டினால் வெட்டியதுதான், நூற்றுக்கு நூறு. நிஜத்தில் அப்படி ஒரு உத்தரவாதம் எந்தத் தளபதிக்காவது கிடைத்திருக்கிறதா?

இந்தக் குறையைச் சரிசெய்யப் போன சிலரால்தான் மினியேச்சர் வார்கேமிங் என்ற விசித்திரமான பொழுதுபோக்கு பிறந்தது. கட்டைவிரல் உயரம்கூட இல்லாத உலோகச் சிப்பாய்களை நூற்றுக்கணக்கில் வாங்கி, ஒவ்வொன்றுக்கும் சட்டை, பொத்தான், மீசை எல்லாம் வர்ணம் தீட்டி, ஒரு பெரிய மேசையில் காடு, மலை, கிராமம் எல்லாம் அமைத்து, வரலாற்றில் நடந்த ஒரு போரை பகடையும் அளவுகோலும் வைத்துத் திரும்ப நடத்திப் பார்ப்பது. வாட்டர்லூவில் நெப்போலியன் ஜெயித்திருக்க முடியுமா? மேசையில் போட்டுப் பார்த்துவிடலாம்!

"இந்த வயசுல பொம்மையா?" என்று சிரிக்கத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். இந்தப் பொம்மைகளுக்குப் பின்னால் ஒரு தற்கொலை இருக்கிறது, ஒரு கடனாளியின் வாழ்க்கை இருக்கிறது, நடுக்கடலில் காப்பாற்றப்பட்ட கப்பல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ராஜாவுக்கு ஒரு மேசை

1780ல் ஜெர்மனியின் பிரன்ஸ்விக் நகரில் ஹெல்விக் என்ற ஆசிரியர் சதுரங்கப் பலகையைப் பெரிதாக்கி, கட்டங்களுக்கு நிறம் கொடுத்து, இது மலை, இது சதுப்பு, இது தண்ணீர் என்று பிரித்தார். அதற்கு அடுத்த தலைமுறையில் பிரஷ்யாவைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் என்பவர் கட்டங்களையே தூக்கிப் போட்டுவிட்டார். நிஜ நிலத்தில் கட்டம் ஏது? 1812ல் அவர் தன் விளையாட்டை பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரடெரிக் வில்லியமுக்குக் காட்டினார். நிலப்பரப்பைத் துண்டு துண்டாகச் செய்து, வேண்டியபடி மாற்றி அடுக்கக்கூடிய ஒரு மேசை அது.

அதை உண்மையாகவே ராணுவத்துக்குப் பயன்படும் கருவியாக மாற்றியவர் அவருடைய மகன், பீரங்கிப் படையில் ஒரு இளம் அதிகாரி. 1824ல் அவர் வெளியிட்ட விதிகளில் 1:8000 அளவிலான வரைபடம், சிறிய உலோகக் கட்டைகள், பகடை, நடுவர் எல்லாம் உண்டு. பகடை எதற்கு? சுட்ட குண்டெல்லாம் பட்டுவிடுவதில்லை என்பதற்காக. நடுவர் எதற்கு? எதிரி எங்கே இருக்கிறான் என்பது தெரியாமலேயே ஒரு தளபதி முடிவெடுக்க வேண்டியிருக்கிறது என்பதற்காக. இரண்டு பக்கமும் தங்கள் உத்தரவை எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியக்கூடியதை மட்டும்தான் அவர் திருப்பிச் சொல்வார்.

படைத் தலைமையகத்தின் தலைவர் மூஃப்லிங் முதலில் அலட்சியமாகத்தான் பார்க்க உட்கார்ந்தாராம். ஆட்டம் போகப் போக எழுந்து உட்கார்ந்து, இது விளையாட்டே அல்ல, போருக்கான பயிற்சி என்று வியந்து, படை முழுவதுக்கும் சிபாரிசு செய்தார். ஆனால் அந்த இளைஞர் 1827ல் தற்கொலை செய்துகொண்டார். அவருடைய விளையாட்டை உலகம் கொண்டாடியது அதற்கு 40 ஆண்டுகள் கழித்துத்தான். 1870-71ல் பிரஷ்யா பிரான்ஸைத் தோற்கடித்ததும், "இவர்கள் எப்படி ஜெயித்தார்கள்?" என்று ஆராய்ந்த மற்ற நாட்டுப் படைகள் ஆளுக்கொரு போர் விளையாட்டை எடுத்துக்கொண்டன.

எழுத்தாளர்கள் தரையில் உருண்ட கதை

இதுவரை இது அதிகாரிகளின் சமாச்சாரம். வீட்டுக்கு வந்தது எப்படி?

1881-82 குளிர்காலம். சுவிட்சர்லாந்தின் டாவோஸில் உடம்பு சரியில்லாமல் தங்கியிருந்தார் 'புதையல் தீவு' எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். அவருக்குத் துணை மனைவியின் மகன், பள்ளிக்கூடப் பையன். இரண்டு பேரும் மாடி அறையின் தரையில் சாக்கட்டியால் நாடு, ஆறு, சாலை எல்லாம் வரைந்து, நூற்றுக்கணக்கான ஈயச் சிப்பாய்களை வைத்துப் பல நாள் நீளும் யுத்தங்களை நடத்தினார்கள். உணவு, வெடிமருந்து வழங்கல் கணக்குகூட வைத்திருந்தார்களாம்.

அடுத்து ஒரு தொழில்நுட்ப மாற்றம். 1893ல் இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ் நிறுவனம் உள்ளே காலியாக இருக்கும்படி ஈயப் பொம்மை வார்க்கும் முறையைக் கொண்டு வந்தது. அச்சில் உருகிய உலோகத்தை ஊற்றி, வெளி ஓடு இறுகியதும் மீதியைத் திரும்பக் கொட்டிவிடுவார்கள். ஈயம் மிச்சம், எடை குறைவு, விலையும் குறைவு. நடுத்தரக் குடும்பத்துப் பையன்களின் கைக்கும் ஒரு படை வந்து சேர்ந்தது.

அந்தப் பொம்மைகளை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்த இன்னொரு பெரிய மனிதர் எச்.ஜி.வெல்ஸ். ஆமாம், 'கால இயந்திரம்' எழுதியவரேதான். 1913ல் அவர் வெளியிட்ட 'லிட்டில் வார்ஸ்' என்ற சின்னப் புத்தகம்தான் பொம்மைச் சிப்பாய்களை வைத்து விளையாடப் பொதுமக்களுக்காக எழுதப்பட்ட முதல் புகழ்பெற்ற விதிநூல். காலாட்படை ஒரு முறைக்கு 1 அடி நகரலாம், குதிரைப்படை 2 அடி. பீரங்கிக்குப் பகடையே கிடையாது. ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியில் மரக்குச்சியைப் போட்டுச் சுட வேண்டியதுதான். விழுந்த சிப்பாய் செத்தான்!

ஆனால் அந்தப் புத்தகத்தின் கடைசிப் பகுதி வேறு மாதிரி. இப்படி மூன்று நான்கு முறை விளையாடிப் பார்த்தாலே, நிஜமான பெரும்போர் எவ்வளவு தடுமாற்றமான காரியம் என்று எவருக்கும் புரிந்துவிடும் என்கிறார் வெல்ஸ். போர்வெறி பிடித்தவர்களை எல்லாம் ஒரு அறையில் பூட்டி, இந்தப் பொம்மைகளைக் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கலாம் என்ற பொருளில் எழுதுகிறார். புத்தகம் வந்தது 1913. முதல் உலகப் போர் தொடங்கியது 1914. அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை என்பது தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

(ஒரு துணுக்கு: 1977ல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் கிராண்ட் மாஃப் டார்கினாக வந்து மிரட்டிய நடிகர் பீட்டர் குஷிங் இருக்கிறாரே, அவர் இந்தப் பொம்மைகளின் பரம ரசிகர். அவர் சிப்பாய்களுக்கு வர்ணம் தீட்டி, வெல்ஸின் விதிப்படி விளையாடுவதை 1956ல் ஒரு செய்திப்படமே எடுத்தார்கள்.)

போரைப் பார்த்தவர்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் இது ஒரு முழுமையான பொழுதுபோக்காக மாறியது. 1957ல் அமெரிக்காவில் ஜாக் ஸ்க்ரூபி என்பவர் இதற்கென்றே ஒரு சிறுபத்திரிகை ஆரம்பித்தார். ரப்பர் அச்சில் மலிவாகச் சிப்பாய்களை வார்த்து விற்கவும் செய்தார். 1962ல் இங்கிலாந்தில் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் எழுதிய 'வார் கேம்ஸ்' வெளியானது. அதைப் படித்துவிட்டுத்தான் ஒரு தலைமுறையே இந்தப் பக்கம் வந்தது.

கவனிக்க வேண்டியது இவர்கள் யார் என்பதை. ஃபெதர்ஸ்டோன் இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையில் இருந்தவர். பிறகு சவுதாம்ப்டன் கால்பந்துக் குழுவுக்கு பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்தார். 1967ல் 'சார்ஜ்!' என்ற விதிநூலை இன்னொருவருடன் சேர்ந்து எழுதிய பிரிகேடியர் பீட்டர் யங், அதே போரில் கமாண்டோவாகச் சண்டையிட்டு மூன்று முறை மிலிட்டரி கிராஸ் வாங்கியவர். பக்கத்தில் ஆள் செத்து விழுவதைப் பார்த்தவர்கள் ஏன் வீட்டுக்கு வந்து பொம்மைச் சிப்பாய்களை அடுக்கினார்கள்? போரே தெரியாதவர்களின் அசட்டு ஆசை என்று இதைத் தள்ளிவிட முடியாததற்கு இதுதான் காரணம்.

ஒரு படை தயாராகும் விதம்

ஒரு உதாரணத்தோடு பார்த்தால் புரியும். 1803 செப்டம்பர் 23, அசாயே போர். இன்றைய மகாராஷ்டிராவில் நடந்தது. ஒரு பக்கம் ஆர்தர் வெல்லெஸ்லி தலைமையில் கம்பெனிப் படை, பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த அதே வெலிங்டன் பிரபு. மறுபக்கம் சிந்தியா, போன்ஸ்லே ஆகியோரின் மராட்டியப் படை. அதில் ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற காலாட்படைக்கு போல்மன் என்ற ஜெர்மானியர் தலைவர். சுமார் 100 பீரங்கிகள் வேறு.

வெல்லெஸ்லியிடம் இருந்தது ஏறக்குறைய 7,000 பேர். ஸ்காட்லாந்துக்காரர்களின் 74ஆவது, 78ஆவது ரெஜிமென்ட்கள், 19ஆவது குதிரைப்படை போக, மீதி பெரும்பாலும் சென்னைப் படையின் சிப்பாய்கள். இன்றைய மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் சின்னத்தில் ஒரு யானை இருக்கிறது அல்லவா, அது அசாயே யானைதான். அந்த ரெஜிமென்ட்டின் மையம் இருக்கும் நீலகிரி வெலிங்டனுக்குப் பெயர் வந்ததும் அதே வெலிங்டன் பிரபுவால்தான்.

இப்போது கணக்கு. ஒரு பொம்மை 20 பேருக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால், 7,000 பேருக்கு 350 பொம்மைகள். போல்மனின் பயிற்சி பெற்ற காலாட்படை சுமார் 10,000 பேர், அதற்கு 500. ஆயிரக்கணக்கான மராட்டியக் குதிரைப்படையை விட்டுவிட்டாலே 850 ஆகிவிட்டது. ஒரு பொம்மைக்கு வர்ணம் தீட்ட ஒரு மணி நேரம் என்றால் 850 மணி நேரம். தினமும் 2 மணி நேரம் உட்கார்ந்தால் 425 நாள்! அரியர் எல்லாம் முடித்து டிகிரியே வாங்கிவிடலாம் :-)

வேலை எப்படி நடக்கும்? முதலில் அளவைத் தீர்மானிக்க வேண்டும். 6 மி.மீ., 10, 15, 20, 28 மி.மீ. என்று பல உயரங்களில் பொம்மைகள் கிடைக்கின்றன. 28 மி.மீ. என்றால் முகபாவம் வரை தெரியும். 6 மி.மீ. என்றால் தூரத்தில் இருந்து பார்க்கும்போது நிஜப் படை போலவே திரளாகத் தெரியும். முன்பு ஈயக் கலவை, இப்போது வெள்ளீயக் கலவை அல்லது பிளாஸ்டிக்.

பொம்மை வந்ததும் அச்சின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பிசிறை அரத்தால் ராவி எடுக்க வேண்டும். சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். பிறகு பிரைமர் ஒரு பூச்சு, இல்லாவிட்டால் பெயின்ட் ஒட்டாமல் உரிந்துவிடும். அதன்மேல் அக்ரிலிக் வர்ணங்கள்: முகம், சட்டை, பட்டை, துப்பாக்கி. ஆளை ஒவ்வொருவராக முடிப்பவர்கள் குறைவு. 20 பொம்மைகளை வரிசையாக நிறுத்தி, எல்லோருக்கும் சிவப்புச் சட்டை, எல்லோருக்கும் வெள்ளைப் பட்டை என்று தையல்கடை மாதிரி வேலை நடக்கும். பிறகு தண்ணீராகக் கரைத்த கருஞ்சாயத்தை மேலே ஓட விட்டால் மடிப்புகளில் தேங்கி நிழல் போலத் தெரியும். கிட்டத்தட்டக் காய்ந்த தூரிகையால் வெளிர் நிறத்தை லேசாகத் தடவினால் மேடான இடங்கள் வெளிச்சம் பட்டதுபோல் எழும். கடைசியில் வார்னிஷ். அடிப்பலகையில் பசை தடவி, மணல் தூவி, செயற்கைப் புல் ஒட்டினால் ஒரு சிப்பாய் தயார். இன்னும் 849 பாக்கி.

வாங்கி வைத்து வர்ணம் தீட்டாமலே கிடக்கும் பொம்மைகளுக்கு இந்த உலகத்தில் 'ஈய மலை' என்று பெயர். எல்லோர் வீட்டிலும் ஒரு மலை இருக்குமாம். படிக்காமல் அடுக்கி வைத்த புத்தகங்கள் போலத்தான்.

பொம்மையைச் செதுக்குகிறவர்கள் தனி இனம். இங்கிலாந்தின் ஆலன் பெர்ரி, மைக்கேல் பெர்ரி என்ற இரட்டையர்கள் இதில் மிகவும் பெயர் பெற்றவர்கள். பழைய போர் ஒன்றை நடித்துக் காட்டும் நிகழ்ச்சியில் நேர்ந்த பீரங்கி விபத்தில் மைக்கேல் தன் வலது கையை இழந்தார். வலது கைக்காரர் அவர். இடது கையால் செதுக்கக் கற்றுக்கொண்டு திரும்ப வந்தார். 28 மி.மீ. உயரத்தில் ஒரு மூக்கை இடது கையால் புதிதாகச் செதுக்கப் பழகுவது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

இதைவிட நேரம் பிடிக்கும் இன்னொரு வேலை படிப்பு. சென்னைச் சிப்பாய் 1803ல் என்ன உடுத்தினார்? சிவப்புச் சட்டை சரி. கீழே? முழுக் கால்சட்டை இல்லை, வெள்ளை நிற அரைக்கால்சட்டை. தலையில் தொப்பியா, தலைப்பாகையா? இரண்டுக்கும் நடுவில் ஒன்று. காலர் நிறம் பட்டாலியனுக்குப் பட்டாலியன் மாறும். இதற்காகப் பழைய ஓவியங்களையும் ஆவணங்களையும் தேடித் திரிகிறவர்கள் உண்டு. போர் நூல்களில் ஆங்கில அதிகாரிகளின் பெயர்கள் வரிசையாக வரும். சிப்பாய்கள் ஒரு எண்ணிக்கையாக வருவார்கள், அவ்வளவுதான். ஆனால் வர்ணம் தீட்டும் மேசையில் அவர்களைத் தாண்டிப் போக முடியாது. ஒவ்வொரு சிப்பாயின் முகத்துக்கும் தூரிகை போய்த்தான் ஆக வேண்டும். எந்த ஊரிலிருந்து வந்து இங்கே நின்றார்கள், யாருக்காக நின்றார்கள் என்ற கேள்வி அப்போதுதான் பலருக்கு முதல்முறையாக எழும்.

பகடை உருளும்போது

புக் கிரிக்கெட் ஆடாதவர்கள் வகுப்பில் யாரும் இருக்க முடியாது. புத்தகத்தைத் திறந்து பக்க எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்து ரன் போடுவது. அங்கே பக்க எண் செய்யும் வேலையை இங்கே பகடை செய்கிறது. ஒரு வித்தியாசம்: புக் கிரிக்கெட்டில் டெண்டுல்கருக்கும் பதினொன்றாவது ஆளுக்கும் ஒரே வாய்ப்பு. இங்கே அப்படியில்லை. யார், எங்கே, எந்த நிலையில் என்பதைப் பொறுத்து வாய்ப்பு மாறும்.

எளிய விதி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 20 பொம்மைகள் கொண்ட பட்டாலியன் சுடுகிறது. இரண்டு பொம்மைக்கு ஒரு பகடை, மொத்தம் 10. 5 அல்லது 6 விழுந்தால் எதிரியில் ஒருவர் காலி. சராசரியாக 3 பொம்மை போகும், அதாவது 60 பேர். அடுத்து முக்கியமான கட்டம், மன உறுதிச் சோதனை. அடி வாங்கிய படை இரண்டு பகடை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை 7 அல்லது அதற்கு மேல் வந்தால் நிற்கும், இல்லாவிட்டால் பின்வாங்கும். 36ல் 21 வாய்ப்பு. கால்வாசி ஆட்களை இழந்திருந்தால் தொகையில் 1 கழிக்க வேண்டும் என்று ஒரு விதி சேர்த்தால், வாய்ப்பு 36ல் 15 ஆகக் குறைந்துவிடும். ஒரே ஒரு எண்தான், ஆனால் பாதிக்கு மேல் இருந்தது பாதிக்குக் கீழே போய்விடுகிறது. போரில் படைகள் கடைசி ஆள் சாகும்வரை நிற்பதில்லை, அதற்கு வெகு முன்பே மனம் உடைந்துவிடுகின்றன என்ற உண்மையை இந்தச் சின்னக் கணக்கு சொல்லிவிடுகிறது.

அசாயேயில் நடந்ததையே பாருங்கள். கைத்னா ஆற்றைக் கடக்க வேறு வழியே இல்லை என்று வழிகாட்டிகள் சொல்லிவிட்டார்கள். வெல்லெஸ்லி இரு கரைகளிலும் எதிரெதிரே இரண்டு கிராமங்கள் இருப்பதைப் பார்த்தார். எதிரெதிரே ஊர் இருந்தால் நடுவில் கடக்கும் வழி இல்லாமல் இருக்குமா என்று யோசித்துப் படையைத் திருப்பினார். வழி இருந்தது. ஆனால் அதே நாளில் முன்காவல் படையை நடத்திச் சென்ற அதிகாரி உத்தரவுக்கு மாறாக அசாயே கிராமத்தை நோக்கி அதிகமாக விலகிப் போய்விட்டார். பின்னால் வந்த 74ஆவது ரெஜிமென்ட்டும் அதே வழியில் போய் பீரங்கி வாயில் மாட்டிச் சிதைந்தது. அன்று கம்பெனிப் பக்கம் மட்டும் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் 1,500க்கு மேல்.

இதை மேசையில் ஆடும்போதுதான் சிக்கல் புரியும். மேலே நின்று பார்க்கிற ஆட்டக்காரருக்கு ஆற்றில் எங்கே வழி இருக்கிறது, பீரங்கி எங்கே இருக்கிறது என்று எல்லாம் தெரிகிறதே! எனவே ஆற்றைக் கடக்க முடியுமா என்று பகடை போட வைப்பார்கள். உத்தரவு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு இன்னொரு பகடை. 1 விழுந்தால் படை வேறு பக்கம் போய்விடும். "என் ஆள் அப்படிப் போகவே மாட்டான்!" என்று ஆட்டக்காரர் கத்துவார். 74ஆவது ரெஜிமென்ட் அப்படித்தான் போனது என்று எதிராளி அமைதியாகப் பதில் சொல்வார்.

உண்மைக்கு ஒருவர் கொடுத்த விலை

பொம்மைகளை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதற்காக வாழ்க்கையையே தொலைத்தவர் ஒருவர் உண்டு. பெயர் வில்லியம் சைபோர்ன், பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1830ல் வாட்டர்லூ போரின் மாதிரி ஒன்றைச் செய்யும் பொறுப்பு அவருக்கு வந்தது. போர்க்களத்தில் இருந்த லா ஹே சாந்த் பண்ணை வீட்டிலேயே 8 மாதம் தங்கி நிலத்தை அளந்தார். போரில் பிழைத்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, மாலை 7 மணி அளவில் உங்கள் படை எங்கே நின்றது, எதிரே யார், வயலில் என்ன பயிர் என்று கேட்டார். நூற்றுக்கணக்கில் பதில்கள் வந்தன.

1833ல் அரசாங்கம் பணம் தருவதை நிறுத்திக்கொண்டது. சைபோர்ன் கடன் வாங்கித் தொடர்ந்தார். 1838ல் லண்டனில் மாதிரி காட்சிக்கு வந்தபோது பரப்பு சுமார் 400 சதுர அடி, பொம்மைகள் 70,000க்கும் மேல். ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். மக்கள் காசு கொடுத்துக் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள், ஆனால் சைபோர்னின் கடன் தீரவில்லை.

பிரச்சினை பிரஷ்யர்கள். சேகரித்த சாட்சியங்களின்படி, அந்த மாலை நேரத்தில் பிரஷ்யப் படை பெருமளவில் களத்துக்கு வந்துவிட்டது என்று அவர் பொம்மைகளை நிறுத்தினார். அப்படியானால் வெற்றி வெலிங்டனுடையது மட்டும் அல்ல. வெலிங்டனுக்கும் அவரைச் சுற்றியிருந்தவர்களுக்கும் இது பிடிக்கவில்லை. நெருக்கடி கூடியது. கடைசியில் சைபோர்ன் பிரஷ்யப் பொம்மைகளில் ஒரு பெரும் பகுதியை எடுத்துவிட்டார். 1849ல் அவர் இறந்தார். அந்த மாதிரி இன்று லண்டனின் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் பொம்மைகளைப் பார்த்து நாட்டின் மிகப் பெரிய தளபதி கவலைப்பட்டார் என்றால், பொம்மை வெறும் பொம்மையா?

அப்படியானால் இது சரியா, தப்பா?

போரை விளையாட்டாக்குவது போரை அழகாக்குவதில்தான் முடியும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. மேசையில் ரத்தம் இல்லை, அலறல் இல்லை, எரிந்த வயலும் விதவையும் இல்லை. ஆட்டம் முடிந்ததும் செத்தவர்கள் எல்லோரும் எழுந்து பெட்டிக்குள் போய்விடுவார்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை திரும்ப வருவார்கள். இந்த விளையாட்டின் சந்தோஷமே அதுதான். இதன் பெரிய பொய்யும் அதுதான்.

ஆனால் மறுபக்கமும் ஒன்று உண்டு. 1942ல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அட்லாண்டிக்கில் பிரிட்டனின் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. காசநோயால் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்ற கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற அதிகாரியை அழைத்து, லிவர்பூலில் ஒரு கட்டடத்தின் மாடியைக் கொடுத்தார்கள். அவர் தரையில் கட்டங்கள் வரைந்து, சின்னக் கப்பல்களை வைத்து, கடற்படையின் பெண்கள் பிரிவில் இருந்து வந்த இளம்பெண்களோடு விளையாட ஆரம்பித்தார். அதிகாரிகள் திரைக்குப் பின்னால் நின்று சிறு இடைவெளி வழியாக மட்டுமே தரையைப் பார்க்கலாம். நிஜக் கப்பலில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான். நீர்மூழ்கிகள் கப்பல் கூட்டத்துக்கு வெளியில் இருந்து சுடவில்லை, உள்ளேயே நுழைந்து சுடுகின்றன என்று அந்தத் தரையில்தான் கண்டுபிடித்தார்கள். அதற்கு எதிரான வியூகங்களும் அங்கேயே பிறந்தன. நீர்மூழ்கியிலேயே வாழ்ந்து பழகிய அட்மிரல் மாக்ஸ் ஹார்ட்டன், நீர்மூழ்கித் தளபதியாக விளையாடி, ஜேனட் ஓகெல் என்ற இளம்பெண்ணிடம் திரும்பத் திரும்பத் தோற்றார். போர் முடிவதற்குள் ஆயிரக்கணக்கான அதிகாரிகள் அந்தத் தரையில் பயின்றுவிட்டுக் கடலுக்குப் போனார்கள்.

இன்னொரு ஆட்டம். 2019 ஜூனில் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் சார்பில் வாட்டர்லூ முழுவதையும் ஒரே களமாக நடத்தினார்கள். 20,000க்கும் மேற்பட்ட பொம்மைகள், பல ஊர்களில் தன்னார்வலர்கள் வர்ணம் தீட்டியவை. நோக்கம் 'வாட்டர்லூ அன்கவர்ட்' என்ற அமைப்புக்கு உதவுவது. உடலிலும் மனதிலும் போர்க்காயம் பட்ட இன்றைய ராணுவ வீரர்களை வாட்டர்லூ மண்ணில் அகழாய்வில் சேர்த்து, மெல்ல மீண்டுவர உதவும் அமைப்பு அது. அதே கோடையில், மோன் சான் ழான் பண்ணையில் தோண்டியபோது வெட்டியெடுக்கப்பட்ட கால் எலும்புகள் கிடைத்தன. 1815ல் அந்தப் பண்ணைதான் வெலிங்டன் படையின் மருத்துவமனை.

மேசையில் ஒரு பொம்மையை ஓரமாக எடுத்து வைக்கிறோமே, அதன் நிஜப் பொருள் அந்த எலும்புகள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இந்த விளையாட்டு போர்வெறியை வளர்ப்பதில்லை. ஒரு தளபதி மேசை மேல் விரலை நகர்த்துவது எவ்வளவு சுலபம், கீழே அதன் விலை எவ்வளவு என்பதைத்தான் அது திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஃபெதர்ஸ்டோனும் பீட்டர் யங்கும் பெட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்ததற்கு ஆயிரம் காரணங்கள் இருக்கலாம். செத்தவர்கள் எழுந்து பெட்டிக்குள் போகும் ஒரே போர் இதுதான் என்பதும் அவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

முயன்று பார்க்க ஆசை இருப்பவர்கள் பொம்மைக்குக் காசு சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தடித்த அட்டையில் சிப்பாய்களை வரைந்து வெட்டிக்கொள்ளலாம், பாட்டில் மூடிகள்கூடப் போதும். போர்வைக்கு அடியில் புத்தகங்களைச் செருகினால் மலை. நீல நாடா ஒன்று ஆறு. தாயக்கட்டை வேண்டாம், ஆறு பக்கப் பகடை நான்கு வாங்கிக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு போரைத் தேர்ந்தெடுத்து, முதலில் அங்கே நின்றவர்களைப் பற்றிப் படித்துவிடுங்கள். பிறகு உருட்டுங்கள். 1 விழுந்து படை தப்பான பக்கம் போனால் திட்டக் கூடாது :-)